பாராளுமன்றத்துக்குப் படியளப்பது யார்?

2025 பெப்ரவரியில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுத்தான். பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கட்டும் பணம் 450 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் ஆகிவிட்டது. காலைச் சாப்பாடு 600, பகல் 1,200, தேநீர் 200. "அப்ப இவ்வளவு நாளும் நாங்கதான் அண்ணே அவுங்களுக்குச் சோறு போட்டிருக்கோம்" என்றார் எனக்குப் பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர். அவர் சொன்னதில் பிழையே இல்லை. உறுப்பினர் கொடுத்த காசுக்கும் சமையலுக்குப் பிடித்த காசுக்கும் இடையிலான வித்தியாசத்தை நாங்கள்தான் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அந்தக் கடையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த விலையைக் கூட்டியது யார்? ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாரா, நிதி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியதா? இரண்டும் இல்லை. முடிவெடுத்தது பாராளுமன்றத்தின் சபைக் குழு. உறுப்பினர்களின் சாப்பாடு, தங்குமிடம் மாதிரியான வசதிகளைக் கவனிக்கும் குழு அது. அதாவது, தன் வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும், அதற்கு என்ன விலை என்பதைப் பாராளுமன்றமே தீர்மானிக்கிறது. அடுப்பு ஒரு சின்ன விஷயம். ஆளெடுப்பது, சம்பளம் போடுவது, கட்டடத்தைப் பார்ப்பது, பேச்சைப் பதிவு செய்வது என்று அந்த வீட்டின் எல்லா வேலையும் இப்படித்தான் ஒரு தனி நிருவாகமாக நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று மலையகத்தில் இருக்கும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தியவன்னா ஓயாவுக்கு நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த கட்டடத்தை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கே உட்காரும் உறுப்பினர்கள் 225 பேர். மாவட்டங்களில் வாக்களித்துத் தெரிவாகிறவர்கள் 196 பேர், தேசியப் பட்டியலில் 29 பேர். தேர்தலுக்குத் தேர்தல் இவர்கள் மாறுவார்கள். மாறாமல் இருக்கிற ஒரு கூட்டம் அங்கே உண்டு. ஹன்சார்ட் என்ற சபைப் பேச்சுப் பதிவை எழுதுகிறவர்கள், உரைபெயர்ப்பாளர்கள், நூலகத்தார், குழுக்களின் செயலாளர்கள், சமையற்காரர்கள், கணக்குப் பிரிவினர், படைக்கலச் சேவிதரின் ஆட்கள். செங்கோலைச் சுமந்துகொண்டு சபாநாயகருக்கு முன்னால் நடந்து வருபவர்தான் படைக்கலச் சேவிதர். செங்கோல் தூக்குவது தொலைக்காட்சியில் தெரிகிற வேலை. சபைக்குள் ஒழுங்கு, வளாகத்தின் பாதுகாப்பு, பார்வையாளர் கலரிக்கு யார் வரலாம் என்பதெல்லாம் அவருடைய தெரியாத வேலைகள்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே நிருவாகத் தலைவராக இருப்பவர் பாராளுமன்றச் செயலாளர் நாயகம். அரசியலமைப்பின் 65 ஆம் உறுப்புரை முழுக்க அவரைப் பற்றியதுதான். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். அவருடைய சம்பளத்தைப் பாராளுமன்றம் தீர்மானிக்கும். பதவியில் இருக்கும் காலத்தில் அதைக் குறைக்க முடியாது. நோயால் இயலாமல் போனால் தவிர, பாராளுமன்றம் கேட்டுக்கொள்ளாமல் ஜனாதிபதி அவரை விலக்கவும் முடியாது. அவருக்குக் கீழே உள்ள ஊழியர்களை அவரே நியமிக்கிறார், சபாநாயகரின் சம்மதத்தோடு. மற்ற அரச உத்தியோகத்தர்களைப் போல அரசாங்க சேவை ஆணைக்குழு வழியாக இவர்கள் வருவதில்லை. அமைச்சின் செயலாளர் ஒருவர் நினைத்தாலும் பாராளுமன்றத்தில் இருக்கிற ஒரு எழுதுநரை மொனராகலைக்கு இடமாற்றம் செய்ய முடியாது.

இந்த ஏற்பாட்டின் வேர் இன்னும் பழையது. 1953 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாராளுமன்ற ஊழியர்கள் சட்டம்தான் ஊழியர் ஆலோசனைக் குழுவுக்கு அடிப்படை. சபாநாயகர் அதன் தலைவர். சபை முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், நிதி அமைச்சர் ஆகியோர் உறுப்பினர்கள். ஊழியர்களின் சம்பளம், பதவி போன்றவற்றை இந்தக் குழுதான் பேசி ஆலோசனை சொல்லும். அதே 1953 இல்தான் பாராளுமன்றத்தின் அதிகாரங்கள், சிறப்புரிமைகள் பற்றிய சட்டமும் வந்தது.

அந்த ஆண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து 7 பேர் வென்று பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு அடுத்த வருடம் வாக்குரிமையைப் பறித்த திருத்தம். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட வென்று உள்ளே போகவில்லை. அதற்கு மறு வருடம்தான் பாராளுமன்றம் தன் வீட்டு நிருவாகத்துக்குச் சட்டம் எழுதியது. எங்கள் ஆட்கள் கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் நடக்கும் வீட்டுக்குச் சட்டம் எழுதிய மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. தேர்தலில் வென்று மறுபடி ஒருவர் அங்கே போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, பணத்துக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் அம்மா மாதம் 10 ஆம் திகதி சம்பளத் துண்டைக் கொண்டுவந்து விளக்குக்குக் கீழே விரிப்பார். எத்தனை 'பேர்', அதாவது முழுநாள் வேலை, விழுந்திருக்கிறது, எத்தனை அரைப் பேர், கைக்காசு எவ்வளவு, பிடித்தது எவ்வளவு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குவார். ஒரு முறை முழுநாளும் மலையில் நின்ற நாளுக்கு அரைப் பேர் போட்டிருந்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை எழுதுகிற ஆளும் தோட்டத்து ஆள், கொழுந்தை நிறுக்கிற ஆளும் தோட்டத்து ஆள், போய் முறையிட வேண்டிய ஆளும் தோட்டத்து ஆள். அம்மா துண்டை மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பணத்தைக் கையில் வைத்திருப்பவனே கணக்கையும் வைத்திருந்தால் மற்றவனுக்குப் பேச்சே இல்லை என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியது.

பாராளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இருப்பதும் இதே பிரச்சினைதான். அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டிய சபை பாராளுமன்றம். அந்தச் சபையின் காசு அரசாங்கத்தின் பையில் இருந்தால், கேள்வி கேட்கும் வாய் எவ்வளவு தூரம் திறக்கும்? இதற்கு அரசியலமைப்பு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. செயலாளர் நாயகத்தின் சம்பளமும் அவருடைய ஊழியர்களின் சம்பளமும் திரட்டு நிதியம் என்ற அரசின் பொதுப் பணப்பையின் மீது பொறுப்பிக்கப்பட்டவை. சாதாரணச் செலவுகளுக்கு வருடாவருடம் சபையில் வாக்கெடுப்பு வேண்டும். இப்படிப் பொறுப்பிக்கப்பட்ட செலவு அந்த வாக்கெடுப்பை நம்பி நிற்பதில்லை. நீதிபதிகளின் சம்பளத்துக்கும் இதே பாதுகாப்பு. ஒரு அரசாங்கத்துக்குப் பாராளுமன்ற ஊழியர்கள் மேல் கோபம் வந்தாலும் அடுத்த மாதச் சம்பளத்தை வெட்ட முடியாது.

ஆனால் சம்பளம் மட்டும் போதுமா? மின்சாரக் கட்டணம், கட்டடத் திருத்தம், கணினி, அச்சு, உறுப்பினர்களின் கொடுப்பனவு என்று மற்றச் செலவுகள் எல்லாம் வரவு செலவுத் திட்டத்துக்குள்தான் வர வேண்டும். ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தைப் பிரித்தால் செலவினத் தலைப்பு 16 என்பது பாராளுமன்றம். 17 சபை முதல்வரின் அலுவலகம், 18 அரசாங்கக் கட்சியின் பிரதம கொறடா அலுவலகம், 19 எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகம். செயலாளர் நாயகத்தின் அலுவலகம் மதிப்பீட்டைத் தயாரித்துத் திறைசேரிக்கு அனுப்பும். மற்றத் திணைக்களங்கள் நிற்கும் வரிசையிலேயே பாராளுமன்றமும் நிற்கிறது. அப்புறம் அது குழுநிலை விவாதத்துக்கு வரும்போது பெரும்பாலும் ஜனாதிபதி, பிரதமர் தலைப்புகளோடு சேர்த்து ஒரே நாளில் எடுக்கப்படும். அன்றைக்கு உறுப்பினர்கள் ஜனாதிபதியைப் பற்றித்தான் பேசுவார்கள். தலைப்பு 16 பேச்சில்லாமல் நிறைவேறிவிடும்.

148 ஆம் உறுப்புரை அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்கிறது. எழுத்தில் அப்படி. 150 ஆம் உறுப்புரையைப் படித்தால், திரட்டு நிதியத்திலிருந்து பணம் வெளியே வர நிதி அமைச்சரின் கையெழுத்திட்ட ஆணை வேண்டும். ஒதுக்குவது ஒரு கை, அவிழ்ப்பது இன்னொரு கை. இந்த இரண்டு கைகளுக்கும் இடையில் என்ன நடக்கலாம் என்பதற்கு நாங்களே சாட்சி. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பாராளுமன்றம் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது. திறைசேரி பணத்தை விடவில்லை. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் அந்த மார்ச் மாதத்திலேயே இடைக்கால உத்தரவு போட்டது. அப்போதும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஆகஸ்டில், மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் தேர்தல் நடந்தது 2025 மே 6 ஆம் திகதி. இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று எங்கள் பிரதேச சபைகளில் ஒரு உறுப்பினர் இல்லை. கால்வாய் உடைந்தாலும் லயத்துப் பாதையில் விளக்கு எரியாவிட்டாலும் போய்ச் சொல்ல, நாங்கள் வாக்குப் போட்ட ஆள் இல்லை.

அதனால்தான் சில நாடுகள் பாராளுமன்றத்தின் பணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கின்றன. பிரித்தானியாவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி சபாநாயகர் தலைமையிலான ஆணைக்குழு ஒன்று பொதுமக்கள் சபையின் ஊழியரையும் செலவையும் பார்த்துக்கொள்கிறது. சபையின் நிருவாகச் செலவு மதிப்பீட்டைச் சபைக்கு வைப்பதும் அந்த ஆணைக்குழுவே. எங்களிடம் இருப்பது ஆலோசனைக் குழு. அவர்களிடம் இருப்பது பொறுப்புள்ள ஆணைக்குழு. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023 இல் பாராளுமன்ற வரவு செலவு அலுவலருக்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் கணக்கை உறுப்பினர்கள் சுயமாகச் சரிபார்க்க உதவுகிற அலுவலகம் அது. நல்ல தொடக்கம்.

தன் ஊழியர்கள் தன் பேச்சைக் கேட்பது ஒரு சபைக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2018 நவம்பரில் நேரடியாகப் பார்த்தோம். பிரதமர் யார் என்பதிலேயே சண்டை. சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது, நாற்காலிகள் உடைந்தன, சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடு உள்ளே வந்து சபையை நடத்தினார். அந்த நாட்களிலும் பதிவு எழுதப்பட்டது, வாக்கு எண்ணப்பட்டது. அந்த மாதக் கடைசியில் பிரதமரின் செயலாளர் அரச பணத்தைச் செலவழிக்க அதிகாரமில்லை என்ற பிரேரணை 123 வாக்குகளோடு நிறைவேறியது. வாக்கை எண்ணிய ஊழியர்களின் வேலை அன்றைக்கு அரசாங்கத்தின் கையில் இருந்திருந்தால் அந்தக் கணக்கு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரதேச சபையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிரதேச சபைச் செயலாளரைச் சபை நியமிப்பதில்லை. அவர் மாகாண அரச சேவையிலிருந்து வருகிறவர். தவிசாளருக்கும் செயலாளருக்கும் ஒத்துப்போகாவிட்டால் வேலை அப்படியே நின்றுவிடும். மாகாண சபை நிலைமை இன்னும் வேதனை. மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது, ஊவாவினுடையது 2019 இல். கண்டியிலும் பதுளையிலும் மாகாணத் திணைக்களங்கள் இயங்குகின்றன, உத்தியோகத்தர்கள் சம்பளம் எடுக்கிறார்கள். சபையில் உட்கார மக்கள் பிரதிநிதிதான் இல்லை.

உறுப்பினர்களின் கொடுப்பனவு பற்றியும் சொல்ல வேண்டும். 68 ஆம் உறுப்புரைப்படி அதைச் சட்டத்தாலோ தீர்மானத்தாலோ பாராளுமன்றமே வகுத்துக்கொள்ளலாம். மாதாந்தக் கொடுப்பனவு 54,285 ரூபாய். சபைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 ரூபாய். அப்புறம் அலுவலகம், தொலைபேசி, எரிபொருள் என்று தனித்தனி. இது கூடவா குறையவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உறுப்பினருக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் காசுள்ளவன் மட்டும்தான் அரசியலுக்கு வருவான். தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே போக வேண்டுமென்றால் அவருக்கு மாதச் சம்பளம் இருக்கத்தான் வேண்டும். என்னைத் தொடுவது வேறு. எங்கள் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்தது; அப்போதும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 இல் 1,350. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,750 ஆக்கியது; அதில் 200 ரூபாய் வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஊக்கத்தொகை. அந்த 200 ரூபாயும் ஒரு செலவினத் தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டு, பிறகு திறைசேரியால் அவிழ்க்கப்பட்டுத்தான் கைக்கு வர வேண்டும். ஒதுக்குவதும் அவிழ்ப்பதும் வேறு வேறு என்று மேலே சொன்னது எங்கள் சம்பளத் துண்டு வரைக்கும் வருகிறது.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்துவிட்டால் பாராளுமன்றம் தன் பணத்தைச் சரியாகச் செலவழிக்கிறதா என்று பார்ப்பது யார்? 154 ஆம் உறுப்புரை கணக்காய்வாளர் நாயகம் கணக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்தையும் சேர்த்திருக்கிறது. அறிக்கை பாராளுமன்றத்துக்கே வரும். வீட்டுக்காரரின் கணக்கை வீட்டுக்காரரிடமே கொடுப்பது மாதிரித்தான் இது. ஆனால் அறிக்கை பகிரங்கமானது, நாங்களும் வாசிக்கலாம். இன்னொரு கதவு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சொத்து விபரம் கையளித்த உறுப்பினர்களின் பெயர்களைக் கேட்டு ஒரு பத்திரிகையாளர் விண்ணப்பித்தார். பாராளுமன்றம் கொடுக்கவில்லை, தகவல் ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது, பாராளுமன்றத் தரப்பு நீதிமன்றம் போனது. 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கமே நின்றது. தலவாக்கலையில் இருக்கிற ஒருவரும் தமிழில் ஒரு கடிதம் எழுதி இந்தக் கதவைத் தட்டலாம்.

இப்போது நான் கடைசியில் சொல்கிறேன் என்ற காரணம்.

ஹன்சார்டைத் திறந்து பாருங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். முகப்பில் மூன்று மொழி. உள்ளே போனால், யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். மலையக உறுப்பினர் ஒருவர் லயன் அறைகளைப் பற்றியோ காணி உறுதியைப் பற்றியோ தமிழில் கேட்கிறார். ஒரு பத்தி தமிழ். அமைச்சர் சிங்களத்தில் பதில் சொல்கிறார். அடுத்த இரண்டு பக்கம் சிங்களம். சபைக்குள் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக உரைபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லியிருப்பார், உறுப்பினருக்கு விளங்கியிருக்கும். ஆனால் அந்தக் குரல் ஹன்சார்டில் ஏறுவதில்லை. சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குத் தன் வீட்டைப் பற்றிய கேள்வி மட்டும் கிடைக்கிறது, பதில் கிடைப்பதில்லை. அமைச்சருக்கு நடப்பதும் மறுபக்கம் இதேதான். எங்கள் உறுப்பினர் தமிழில் சொன்ன வேதனையை மாத்தறையில் இருக்கும் சிங்கள வாசகர் வாசிக்க முடியாது.

இதைத் திருத்த அரசியலமைப்பை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு மொழியும் அரச கரும மொழிகள் என்று அது ஏற்கெனவே சொல்கிறது. புதுச் சட்டமும் வேண்டாம். மேலே எழுதிய அந்த நிருவாகம்தான் இதைச் செய்ய வேண்டும்: மொழிபெயர்ப்பாளர்களை எடுப்பது செயலாளர் நாயகத்தின் அதிகாரம், சம்மதிப்பது சபாநாயகர், பதவிகளைப் பற்றிப் பேசுவது ஊழியர் ஆலோசனைக் குழு, பணம் தலைப்பு 16. திறைசேரி தடுக்காவிட்டால் மற்றதெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடக்கூடிய காரியம்.

இந்தப் பாராளுமன்றத்தில் மலையகத்திலிருந்து போன தமிழ் உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் ஆளும் பக்கத்தில்; பழைய கட்சிகளின் ஆட்கள் எதிர்ப்பக்கத்தில். அடுத்த குழுநிலை விவாதத்தில் தலைப்பு 16 வருகிற அன்று இவர்களில் யாராவது ஒருவர் எழுந்து மூன்று விஷயம் கேட்டால் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவிகள் எத்தனை, அதில் எத்தனை வெற்றிடம், ஹன்சார்டை முழுமையாகத் தமிழில் கொண்டுவர எவ்வளவு செலவாகும். கேள்வியைத் தமிழிலேயே கேட்கட்டும். பதில் எந்த மொழியில் வந்தாலும் அதை நான் யாரிடமாவது கொடுத்து வாசித்து எடுத்துக்கொள்வேன்.